பெயரும் பேரேடும்

வங்கியில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பதினான்கு ஆண்டு நீலகிரியில் கழிந்தது: கோத்தகிரி, கூடலூர், கடைசியாகக் குன்னூர். குன்னூரிலேயே தங்கியும் விட்டேன். வாசகர்களின் பணம், கடன், வங்கிச் சிக்கல்களுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். வழக்கமாக வைப்புநிதி வட்டி, நகைக்கடன் ஏலம், வாரிசுச் சான்று என்றுதான் கடிதங்கள் வரும். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். என் பெயரில் யாரோ கடன் வாங்கியிருக்கிறார், என் பெயரில் யாரோ சிம் வாங்கியிருக்கிறார், என் விரலை வைக்காமலே பணம் போயிருக்கிறது. ஆகவே மற்றக் கடிதங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நகைக்கடன்காரர்கள் கோபிக்க வேண்டாம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. பெயரே பறிபோனவர்களிடம் அதையும் கேட்பது நியாயமில்லை.

கோத்தகிரியை அடுத்த ஹட்டி (படகர் சிற்றூர்) ஒன்றிலிருந்து வாசகி ஒருவர்:

"எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கவாத்துச் செலவுக்காக வங்கியில் கடன் கேட்டேன். மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, 'உங்கள் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடன் தவணை தவறி நிற்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள்' என்றார். ஒன்று ரூ. 14,800. இன்னொன்று ரூ. 23,000. நான் பட்டன் போன் வைத்திருப்பவள். ஒரு கடனும் வாங்கவில்லை. அண்ணன் போனிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் பேசினேன். அன்றிலிருந்து வசூல்காரர் என்று ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிறார். 'மூவாயிரம் கட்டுங்கள், முடித்துவிடுகிறேன்' என்கிறார். மானம் போகிறது அம்மா. கட்டித் தொலைத்துவிடலாமா?"

கட்டாதீர்கள். மூவாயிரம் வேண்டாம், மூன்று ரூபாய்கூட வேண்டாம். கட்டிய மறுநிமிடம் அது உங்கள் கடன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும். அப்படிப் பேசிக் குறைத்துக் கட்டிய கடன், கட்டி முடித்த கடனாகவும் அறிக்கையில் நிற்காது. 'செட்டில்டு' என்ற கறையோடு நிற்கும். அடுத்த மேலாளரும் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

1994-இல் கோத்தகிரிக் கிளையில் ஒருவர் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அண்ணனின் பட்டா, அண்ணனின் ரேஷன் கார்டு, அண்ணனின் பெயர் எல்லாம் கொண்டு வந்து கடன் கேட்டார். அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். சந்தை நாளில் கேரட் மூட்டையை இறக்கிவிட்டு நேராகக் கிளைக்கு வருபவர். "எப்போது மீசையை எடுத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். மனிதர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று கடன் தரும் செயலிக்கு எதிரே நாற்காலி கிடையாது. பான் எண், ஆதார், ஒரு படம், ஓடிபி வருவதற்கு ஒரு கைப்பேசி எண் இருந்தால் பத்து நிமிடத்தில் கடன் கிடைத்துவிடுகிறது. அந்தக் கைப்பேசி எண் உங்களுடையதாக இருந்திருக்காது. அதனால்தான் உங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. பட்டன் போன் இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பீர்கள். திருடன் உங்கள் போன் பக்கமே வரவில்லை.

ஆனால் அந்த எண்தான் இப்போது உங்களுக்குத் துணை. கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீளம் வேண்டாம். "இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. பணம் என் கணக்குக்கு வரவில்லை. விண்ணப்பத்தின் நகல், அதில் தரப்பட்ட கைப்பேசி எண், எடுக்கப்பட்ட படம், பணம் அனுப்பப்பட்ட வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தெரிவிக்கவும். விசாரணை முடியும்வரை வசூலை நிறுத்தவும்." இவ்வளவு போதும். படத்தில் இருப்பது நீங்கள் இல்லையென்றால், பணம் போன கணக்கு உங்களுடையது இல்லையென்றால், பேச்சு அங்கேயே பாதி முடிந்துவிடும். கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் பேசினீர்களே, என்ன மிஞ்சியது? அண்ணனின் எண் அவர்களிடம் மிஞ்சியது.

அடுத்தது கடன் அறிக்கை, அதாவது நம் பெயரில் உள்ள கடன்களின் வரலாறு. எல்லோரும் சிபில் சிபில் என்கிறோம். ஆனால் இந்தியாவில் இந்த வேலையைச் செய்யும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் எடுத்துப் பாருங்கள். மேலாளர் கண்ணில் பட்டது இரண்டு, மூன்றாவது வேறொரு அறிக்கையில் ஒளிந்திருக்கலாம். உங்களுடையதல்லாத ஒவ்வொரு வரிக்கும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். முப்பது நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் மகனோ மகளோ படித்தவர்கள் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இணைய மையத்துக்குப் போய்ச் செய்தால், முடிந்ததும் இறக்கிய கோப்புகளை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ஒரு திருட்டைச் சரிசெய்யப் போய் இன்னொன்றுக்கு வழி வைக்க வேண்டாம்.

மூன்றாவது காவல் துறை. ஊட்டியில் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஊட்டி வரை போக முடியாவிட்டால் உங்கள் ஊர் நிலையத்திலேயே மனு கொடுங்கள். மனுவை வாங்கிக்கொண்டு "பார்க்கிறோம் அம்மா" என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். மனு பெற்றதற்கு நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேளுங்கள். அந்த எண்ணும் தேதியும் இருக்கும் சிறு தாள்தான் கடன் நிறுவனத்திடமும் கடன் அறிக்கை நிறுவனத்திடமும் பேசும். நீங்கள் அழுது சொல்வதைவிட நன்றாகவே பேசும். பிறர் அடையாள விவரங்களை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் தரும் குற்றம். மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதலாம், தவறில்லை.

நிறுவனம் முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டாலோ சொன்ன பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இரவு ஒன்பது மணி வசூல்காரர் விஷயம். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உறவினரைக் கூப்பிட்டு மிரட்டுவதும் கூடாது. உண்மையான கடன்காரருக்கே அந்த மரியாதை உண்டு என்றால் நீங்கள் கடன்காரரே இல்லை. அண்ணனிடம் சொல்லி அழைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நேரத்தையும் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஆள் செய்வதற்கெல்லாம் நிறுவனமே பொறுப்பு.

யார் செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி நிற்கிறது. கடந்த இரண்டு ஆண்டில் ஆதார் நகலும் பான் நகலும் எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். மகளிர் குழு, கேஸ் இணைப்பு, போன் கடை, கொழுந்து வாங்கும் தொழிற்சாலை, காப்பீட்டு முகவர்... எழுதி காவல் நிலையத்தில் கொடுங்கள். அதோடு நிறுத்துங்கள். ஹட்டியில் ஒரு வீட்டை நோக்கி விரல் நீட்டினால் அது இரண்டு தலைமுறைக்கு ஆறாது. பணம் போன கணக்கு யாருடையது என்று தெரிந்தால் ஆள் தானாகத் தெரிவான்.

பந்தலூரிலிருந்து வாசகர்:

"அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பாட்டி காலத்தில் இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம் நாங்கள். வங்கிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு) அருகே உள்ள கடையில் விரல் வைத்துத்தான் அம்மா பணம் எடுப்பார். நேற்று பாஸ்புக் பதிந்தபோது, எடுக்காத பத்தாயிரம் ரூபாய் எடுத்ததாக இருக்கிறது. ஓடிபி வரவில்லை. ஏடிஎம் கார்டே இல்லை. இது எப்படி நடக்கும்?"

தம்பி, இதைப் படிக்கும்போது வங்கி திறந்திருந்தால் இதை அப்படியே வைத்துவிட்டு வங்கிக்குப் போங்கள். மீதியைச் சாயங்காலம் படிக்கலாம்.

ஆதார் வழியாகப் பணம் எடுக்க மூன்றே பொருள் வேண்டும்: எந்த வங்கி என்ற பெயர், ஆதார் எண், விரல். கார்டு வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓடிபி வேண்டாம். வங்கிக்கே வர முடியாத உங்கள் அம்மா போன்றவர்களுக்காக உண்டான வசதி அது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். விரல் போனால் மட்டும் எல்லாம் போய்விடும்.

கூடலூர்க் கிளையில் இருந்தபோது கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் தடித்து, வெடித்து, வெடிப்பில் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருக்கும். இயந்திரத்தில் வைத்தால் பதியாது. சேலையில் துடைத்துவிட்டு வைப்பார்கள், பதியாது. கடைக்காரர் ஈரத்துணியை நீட்டுவார். "இன்னொரு தடவை வையுங்கள் அம்மா." வைப்பார்கள். "இன்னும் ஒரு தடவை." வைப்பார்கள். ஏமாற்ற நினைப்பவனுக்கு இந்த 'இன்னொரு தடவை' போதும். முதல் தடவை பதிந்துவிட்டது, பணமும் எடுத்தாகிவிட்டது. பதியவில்லை என்று சொல்லி இரண்டாம் தடவை வைக்கச் சொன்னால் இன்னொரு முறை எடுக்கலாம். உங்கள் கடைக்காரர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பத்திரப் பதிவுத் தாள்களில் இருக்கும் ரேகையைப் பிரதியெடுத்து ரப்பர் விரல் செய்து பணம் எடுத்த கும்பல்களும் வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன.

எது நடந்தது என்பது வங்கிக்குத் தெரியும். எந்த முகவரின் இயந்திரம், எந்த ஊர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் பதிவாகியிருக்கும். அதை எழுத்தில் கேளுங்கள். ஆதார் இணையதளத்தில் கடந்த ஆறு மாதத்தில் எப்போதெல்லாம் அம்மாவின் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். அம்மா மலைமேல் கொழுந்துக்கூடையோடு நின்ற பதினொரு மணிக்குப் பணம் எடுக்கப்பட்டிருந்தால், தோட்டத்தின் வருகைப் பதிவேடே சாட்சி.

அவசரம் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் இது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் பேரிலும் வங்கி பேரிலும் தவறில்லாத மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் சுமக்க வேண்டும்: இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கி வகுத்த கொள்கைதான். புகார் கொடுத்த பத்து வேலை நாளில் வங்கி தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கவுண்டரில் இருப்பவர் "விரல் வைத்தது நீங்கள்தானே" என்பார். அதைக் கேட்டுத் தலை குனிந்து திரும்ப வேண்டாம். அந்தக் கவுண்டரில் நானும் இருந்தவள்தான்; எதிரே இருப்பவர் சுற்றறிக்கை என்று சொன்னாலே குரல் மாறும். குறுஞ்செய்தி வரவில்லை, பாஸ்புக் பதிந்த நாளில்தான் தெரிந்தது என்று தேதியோடு எழுதுங்கள். புகாரின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதோடு சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் கூப்பிடுங்கள். பணம் எந்த வங்கிக்குப் போனதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

இனி வரும் நாளுக்கு. ஆதாரில் கைரேகையைப் பூட்டிவிடுங்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் ஏற்காது. திறக்க வேண்டுமானால் ஆதாரோடு இணைந்த கைப்பேசி வேண்டும், சிக்னல் வேண்டும், அதைச் செய்து தர நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அரிசி வாங்கப் போனவர் வெறும் பையோடு திரும்புவதில் என்ன பாதுகாப்பு? முதலில் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் அம்மாவின் கைப்பேசி எண் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடையில் ஒவ்வொரு தடவை விரல் வைத்த பிறகும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், சீட்டு கேட்கச் சொல்லுங்கள். சீட்டு தராத கடையில் விரல் வைக்க வேண்டாம். இதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், இந்தக் கணக்கில் ஆதார் வழிப் பரிமாற்றத்தை நிறுத்திவிடும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். அப்போது பணத்துக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். எது தேவலாம் என்பதை அம்மாவே சொல்லட்டும்.

உங்கள் பாட்டியைக் குறிப்பிட்டதால் ஒரு வார்த்தை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையிலிருந்து நேற்று வாங்கிய கேஸ் ரசீது வரை அதில் கிடக்கும். தாள் இல்லாவிட்டால் நாம் யார் என்பதே இல்லாமல் போகும் என்று அனுபவித்த தலைமுறை அது. அதனால் எந்த மேசையில் எதைக் கேட்டாலும் டப்பாவோடு நீட்டிவிடுவார்கள். எதிரே இருப்பவன் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வான், தேவையில்லாததையும் படம் பிடித்துக்கொள்வான். கேட்டதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடச் சொல்லிப் பழக்குங்கள். என்னால் கூடலூரில் முடியவில்லை. பேரன் சொன்னால் கேட்பார்கள்.

குன்னூரிலிருந்து வாசகி:

"ஆதார் ஜெராக்ஸ் மேல் 'இந்தக் காரியத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?"

போதாது, ஆனாலும் எழுதுங்கள். தேதி, யாருக்கு, எதற்கு என்று படத்தின் ஓரத்தையும் எண்ணின் ஓரத்தையும் தொட்டுக் குறுக்காக எழுதுங்கள். ஏமாற்றுகிறவனை அது தடுக்காது. நாளை அந்த நகல் எங்கேயாவது முளைத்தால் எந்தக் கடையிலிருந்து போனது என்று சொல்லும்.

நான் எழுதாமல் கொடுத்துக் கெட்டேன். 2023-இல் தொலைத்தொடர்புத் துறை, நம் பெயரில் எத்தனை சிம் என்று காட்டும் சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தைத் தொடங்கியபோது, வாசகர்களுக்குச் சொல்வதற்கு முன் நாமே பார்ப்போம் என்று என் எண்ணைப் போட்டேன். என் பெயரில் மூன்று சிம். ஒன்று என்னுடையது. ஒன்று காலஞ்சென்ற என் கணவர் வைத்திருந்தது. மூன்றாவதை நான் கண்ணாலும் கண்டதில்லை. முப்பத்தொரு ஆண்டு மற்றவர் கையெழுத்தைச் சரிபார்த்தவள், சிம் மாற்றப் போன கடையில் வெற்று ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு மழைக்கு முன் வீடு சேர ஓடியிருக்கிறேன். அந்தக் கடையேதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. 'இது என் எண் இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் எண் வாங்கினேன். சில வாரத்தில் அந்த இணைப்பு போனது. அதுவரை ராத்திரியில் போன் அடித்தால் போலீஸ் என்றே தோன்றும்.

ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரை இருக்கலாம் என்பதால் நடுவில் ஒன்று சொருகப்பட்டால் யாருக்கும் உறுத்தாது. நீங்களும் ஒரு முறை பாருங்கள், இரண்டு நிமிட வேலை. கூடுமானவரை முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கி அதையே கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கும்.

ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாமல் கீழே போடும் தாளையும் கையோடு எடுத்து வாருங்கள். குன்னூர் பஸ் நிலையத்தருகே அவித்த கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒரு பெரியவர், ஆதாருக்கே உரிய அந்தத் திகைத்த முகத்தோடு என்னைப் பார்த்தார். எண் முழுதாக இருந்தது, முகவரியில் கதவு எண்கூட இருந்தது. கடலை தின்னப் பிடிக்கவில்லை.

ஊட்டியிலிருந்து, நான்கு அறை கொண்ட தங்குமிடம் நடத்துபவர்:

"விருந்தினர் எல்லோரும் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். என் போனில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. போன் தொலைந்தால் நான் மாட்டிக்கொள்வேனா?"

கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பறிகொடுத்தவர்கள் எழுதுகிறார்கள், பிறர் அடையாளத்தைக் கையில் வைத்திருப்பவர் எழுதி இப்போதுதான் பார்க்கிறேன்.

பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். எண் மறைத்த ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ போதும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகு வாட்ஸ்அப்பில் இருப்பதை அழியுங்கள். படத்தொகுப்பிலும் ஒரு பிரதி தங்கியிருக்கும், அதையும். வெளிநாட்டவர் வந்தால் மட்டும் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும், அதில் தளர்வு கிடையாது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகு பிறர் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. வேலையாட்கள் கையில் சுற்றும் போனில் இவற்றை ஒருபோதும் வாங்காதீர்கள். சீசன் முடிந்து பழைய நகல்களை எடைக்குப் போடும் வழக்கம் இருந்தால், மேலே கடலைப் பொட்டலத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து கல்லூரி மாணவர்:

"நண்பன் சொன்னதைக் கேட்டு வங்கிக் கணக்கு தொடங்கி, பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் ஒருவரிடம் கொடுத்தேன். நான்காயிரம் ரூபாய் தந்தார்கள். இப்போது கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. வேறு மாநிலக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. என் அடையாளத்தைத் திருடிவிட்டார்கள் என்று புகார் கொடுக்கலாமா?"

கூடாது. உங்கள் அடையாளம் திருடு போகவில்லை, நீங்கள் வாடகைக்கு விட்டீர்கள். யாரோ ஒருவர் வாழ்நாள் சேமிப்பு உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. இதில் பொய்ப் புகாரும் கொடுத்தால் குழி இன்னும் ஆழமாகும். இன்று இரவே அப்பாவிடம் சொல்லுங்கள். திட்டுவார், தாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டு அந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்புங்கள். வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். பதிலளிக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். வாட்ஸ்அப் உரையாடல் ஒன்றையும் அழிக்காதீர்கள். யார் கேட்டார், யாரிடம் கொடுத்தீர்கள், எப்போது என்பதைக் காட்ட அதைத் தவிர உங்களிடம் ஒன்றும் இல்லை. நண்பனைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அவனும் உங்களுக்கு முன் எங்கேயோ கையெழுத்துப் போட்டவனாகத்தான் இருப்பான்.

வெலிங்டனிலிருந்து ஓய்வு பெற்ற அரசு ஊழியர்:

"என் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருப்பதாக வீடியோவில் சீருடையோடு ஒருவர் மிரட்டினார். இரண்டு மணி நேரம் எழுந்திருக்க விடவில்லை. பணம் அனுப்பச் சொன்னபோது சந்தேகம் வந்து துண்டித்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஆதாரையும் பான் கார்டையும் கேமராவுக்குக் காட்டிவிட்டேன். வங்கிக் கணக்கு எண்ணும் சொல்லிவிட்டேன்."

துண்டித்தீர்களே ஐயா, அதுவே பெரிய காரியம். டிஜிட்டல் கைது என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

பணம் போகவில்லை என்று ஆறுதல் அடைந்து உட்கார்ந்துவிடாதீர்கள். ஆதார் எண்ணை வேறு எண்ணாக மாற்றித் தர மாட்டார்கள். ஆகவே கைரேகைப் பூட்டு உங்களுக்குத்தான் பொருந்தும். ஸ்மார்ட்போன் இருக்கிறது, ரேஷனை நம்பி இல்லை. பூட்டிவிடுங்கள், ஓய்வூதிய வாழ்நாள் சான்றுக்குப் போகும் நாளில் மட்டும் திறந்தால் போதும். முகத்தைக் காட்டிச் சான்று கொடுப்பதாக இருந்தாலும் திறக்க வேண்டும், பூட்டு அதற்கும் சேர்த்துத்தான். வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் இன்றே பதிந்து புகார் எண் வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் பெயரில் கடன் முளைத்தால், அது முளைப்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அந்தத் தேதி ஆதாரம். மேலே கோத்தகிரி வாசகிக்குச் சொன்ன கடன் அறிக்கையை நீங்களும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நான்கு நிறுவனத்திலும் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். நான்கு இலவச அறிக்கை, ஆண்டு முழுதும் ஓடிவிடும்.

கூடலூரிலிருந்து வாசகர்:

"விவரம் கசிவதே வங்கிகளிலிருந்துதான் என்கிறேன். மறுப்பீர்களா?"

முழுதாக மறுக்க மாட்டேன். நான் வேலை பார்த்த கிளை ஒன்றில், தீர்ந்துபோன கடன் விண்ணப்பக் கட்டுகள் கழிவறைக்குப் பக்கத்து இருட்டு அறையில் கிடந்தன. பூட்டு உடைந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. புதுப் பூட்டுக்கு எழுதிப் போட்டவள் நான். பூட்டு வருவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

மஞ்சூரிலிருந்து வாசகர்:

"சிக்னல் கிடைக்காததால் பழைய சிம்மை விட்டுவிட்டு வேறு நிறுவனத்தின் சிம் வாங்கப் போகிறேன். பழைய எண் வங்கியில் இருக்கிறது. பிறகு மாற்றிக்கொள்ளலாமா?"

முன்பே மாற்றுங்கள். நீங்கள் விட்ட எண்ணை நிறுவனம் தொண்ணூறு நாள் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அதன்பின் உங்கள் ஓடிபி எல்லாம் முகம் தெரியாத அந்த மனிதருக்குப் போகும். அவர் நல்லவராக இருக்கலாம், அதை நம்பிக் கணக்கை வைத்திருக்க முடியாது. முடிந்தால் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் வங்கி, ஆதார், கேஸ், ரேஷன் கார்டு என்று எல்லா இடத்திலும் புது எண்ணைச் சேர்த்துவிட்டு, கணக்கில் நூறு ரூபாய் போட்டுப் பாருங்கள். செய்தி புது எண்ணுக்கு வந்த பிறகு பழைய சிம்மை விடலாம். வங்கிக் குறுஞ்செய்தி உடனே வந்து சேரும் என்று எழுத நினைத்தேன். மஞ்சூரில் அதற்காக எந்த வளைவு வரை நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.